அத்தியாயம் 6: உங்கள் ஆளுக்கு உடம்பு முடியவில்லை என்றால்

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் ஒருவர் டாக்டரிடம் போவதற்குச் சட்டத்தில் ஒரு தடையும் கிடையாது. காப்பீடு இருக்கிறது, மருத்துவ நிலையம் இருக்கிறது, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் இருக்கிறது. இத்தனையும் இருக்க, மூன்று நாள் காய்ச்சலோடு ஒருவர் சாரத்தில் ஏறிக்கொண்டிருப்பார். கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்பார். டாக்டரிடம் போவதற்கு முன் அவர் உங்களிடம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் அவர் நின்றுவிடுகிறார்.

சூப்பர்வைசர், போர்மேன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், காலையில் லாரியிலிருந்து ஆட்களை இறக்கி இரவில் திரும்ப ஏற்றிவிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். ஒருவருடைய தலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள, வேலை முடிந்த தேதியைப் பார்ப்பதற்கு முன் நான் வேறொன்றைப் பார்ப்பேன். அவருடைய ஆளுக்கு உடம்பு கெட்டால், அந்த ஆள் முதல் நாளே அவரிடம் சொல்கிறாரா, மூன்றாம் நாள் சொல்கிறாரா?

ஏன் மறைக்கிறார்கள்

பயம்தான் காரணம். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் "உடம்பு முக்கியம்பா" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் நிலமோ நகையோ அடகில் கிடக்கிறது. எம்சி (மருத்துவச் சான்றிதழ்) எடுத்தால் அடிப்படைச் சம்பளம் வரும், அன்றைய ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) போய்விடும். பலருக்கு அடிப்படைச் சம்பளம் இங்கே சாப்பாட்டுக்கும் போனுக்கும் கைச்செலவுக்கும் கரைந்து, ஓடியில் வருவதுதான் வீட்டுக்குப் போகிறது. ஆக, இரண்டு நாள் எம்சி என்பது அவருக்கு அந்த மாத வட்டிப் பணம்.

இரண்டாவது, வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது. "அடிக்கடி எம்சி போடுறான்" என்று பேர் வந்துவிட்டால் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள், விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லா விடுதி அறைகளிலும் பேச்சு உண்டு. அப்படி நடந்த ஒரு கதையாவது ஒவ்வொருவருக்கும் தெரியும். நீங்களே அந்த அறையிலிருந்து மேலே வந்தவராக இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய கடனை உங்களால் அடைக்க முடியாது. முதலாளியின் முடிவும் உங்கள் கையில் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. ஒன்று, எம்சி முடிந்து வருகிறவருக்கு ஓடி கொடுப்பதா இல்லையா என்பது. அவர் பெயரை அடுத்த வாரப் பட்டியலிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டால், மற்ற எல்லோரும் அன்றைக்கே பாடம் கற்றுக்கொள்வார்கள்; அதற்குப் பிறகு உங்கள் குழுவில் யாருக்கும் காய்ச்சலே வராது. இரண்டு, பத்துப் பேர் முன்னால் நீங்கள் விடும் வார்த்தை. "மகாராஜா ரெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டாரா?" என்று, காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒரு வார்த்தை போதும். சொன்னவர் அதை மறந்துவிடுவார். கேட்ட பத்துப் பேரும் மறக்க மாட்டார்கள்.

காலையில் என்ன சொல்வது

டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஹார்னஸ், ஹெல்மெட், அன்றைய வேலை என்று வழக்கமாகச் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சுவழக்கிலேயே சொல்லுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்க வேண்டாம்.

"ராத்திரி தூங்கலையா, காய்ச்சலா, வயித்துக்கு ஒத்துக்கலையா, தலை சுத்துதா, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லுங்க. மேல ஏறின பிறகு சொன்னா உங்களுக்கும் ஆபத்து, கீழ நிக்கிறவனுக்கும் ஆபத்து. எம்சி எடுத்துட்டு வந்தா ஓடி லிஸ்ட்ல பேரு அப்படியே இருக்கும். அது என் பொறுப்பு."

கடைசி இரண்டு வரிகளைக் காப்பாற்ற முடியுமென்றால் மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன்னதாகவே புராஜெக்ட் மேனேஜரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். அவரிடம் பேசும்போது அவருடைய கவலையிலிருந்து தொடங்குங்கள். மயங்கி விழுந்த ஒருவரால் தளம் முழுக்க நின்றுபோனால் எத்தனை நாள் வேலை போகும், இரண்டு நாள் எம்சிக்கு எவ்வளவு போகும் என்று கணக்கை முன்னால் வையுங்கள். மனிதாபிமானத்தை மட்டும் பேசினால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி "எனக்கு முடியலை" என்று சொல்கிறவர்கள் குறைவு. அதனால் மீட்டிங் முடிந்ததும் கலைந்துவிடாமல் ஒரு சுற்று நடங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொடாமல் வைத்திருப்பவர், வழக்கமாகப் பேசிக்கொண்டே இருந்து இன்று வாயே திறக்காதவர், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர், இவர்களைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். வயதில் பெரியவராக இருந்தால் "அண்ணே" என்றே கேளுங்கள். பதவி உங்களுக்கு இருக்கட்டும், வயது அவருக்கு இருக்கிறது.

உங்கள் குழுவில் வங்காளதேசத்து ஆட்கள் இருந்தால் அவர்கள் உங்களிடம் சொல்ல இன்னும் தயங்குவார்கள். தமிழ் ஆட்களுக்கு நீங்கள் ஊர்க்காரர். அவர்களுக்கு நீங்கள் சூப்பர்வைசர் மட்டும்தான். அவர்களுக்குள் இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த ஒருவரைப் பிடித்து, "உன் ஆளுங்களுக்கு உடம்பு முடியலைன்னா நீ வந்து சொல்லு, அவங்க பேரு கெடாது" என்று சொல்லி வையுங்கள். தமிழ் ஆளுக்கு ஒரு நியாயம், வங்காள ஆளுக்கு ஒரு நியாயம் என்று ஒரே ஒரு தடவை நடந்தாலும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்தவருக்கு இந்த வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு வெளியேறாது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி அளவை வைத்து மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிமுறை கொண்டுவந்தது. அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடின வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். புதிதாக வந்தவர்களையும், நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களையும் ஒரு வாரமாவது படிப்படியாகத்தான் கடின வேலைக்குப் பழக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திறங்கிய மறுநாளே "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்க, மேல ஏறு" என்று அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம்

ஒருவர் வந்து சொன்னதும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இப்போதே 995-ஐ அழைப்பதா, இன்றைக்குள் மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவதா. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்றாவது வழி ஒன்று உங்கள் வாயில் வரும். அதை டாக்டர் சொல்லட்டும்.

995 குடிமைத் தற்காப்புப் படையின் அவசர எண். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, நிற்காத ரத்தம், உயரத்திலிருந்து விழுந்தது, நினைவு தப்பியது, இவை எதற்கும் கம்பெனி லாரி வேண்டாம். மேனேஜருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டும் நிற்க வேண்டாம். முதலில் 995, பிறகு மேனேஜர். எந்த நுழைவாயில், எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று தெளிவாகச் சொல்லி, ஒருவரை வாயிலில் நிறுத்துங்கள். பெரிய தளங்களில் ஆம்புலன்ஸ் உள்ளே வந்து இடம் தேடுவதிலேயே பொன்னான நிமிடங்கள் போய்விடும். போனைத் துண்டிக்காதீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நெஞ்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் நெஞ்சு வலி என்று சொல்வதில்லை. "வாயு பிடிச்சிருக்கு", "நெஞ்சு கரிக்குது", "தோள்பட்டை இழுக்குது", "ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லையே என்று நீங்களும் நம்பிவிடக்கூடாது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை. வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, படி ஏறும்போது கூடினாலோ, அது வாயுவா இல்லையா என்பதை மருத்துவமனை முடிவுசெய்யட்டும்.

வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்கு. 995-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிரவைக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, சட்டையையும் பூட்ஸையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும்.

சிமெண்ட் கண்ணில் பட்டால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன், சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். சிமெண்டில் இருக்கும் காரம் போகிற வழியெல்லாம் கண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். கரண்ட் அடித்தவர் எழுந்து நடந்து சிரித்துப் பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். உயரத்திலிருந்து விழுந்தவரை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கக்கூடாது. உடைந்த முதுகெலும்பு அந்தத் தூக்கலில்தான் நரம்பை அறுக்கும்.

காய்ச்சல் என்றால் உடனே மாத்திரையைத் தேட வேண்டாம். சிங்கப்பூரில் டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு. கட்டுமானத் தளங்களில் தேங்கும் தண்ணீர் அதற்குத் தோதான இடம். டெங்குவாக இருக்கலாம் என்ற நிலையில் பாராசிட்டமால் மட்டும் போடலாம். புரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகையறாக்கள் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊரிலிருந்து வரும்போது பையில் டைக்ளோஃபினாக் பட்டையோடு வருகிறவர்கள் நிறைய. தண்ணீர் குறைந்த உடம்பில், வெயிலில், நாள் தவறாமல் இந்த மாத்திரைகளைப் போட்டு முதுகு வலியை ஓட்டுகிறவருக்குச் சிறுநீரகம் கெடும். வலி தெரியாமல் வேலை பார்க்கிறார் என்று நீங்கள் நிம்மதி அடையக்கூடாத இடம் இது. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றை முன் அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம் என்பதையும், ஊருக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.

எங்கே போவது, யார் பணம் கொடுப்பது

2020 ஏப்ரலில் பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய விடுதிகள் முதலில் மூடப்பட்டு, பிறகு கொரோனா விடுதி விடுதியாகப் பரவியதை அப்போது இங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தொழிலாளர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்கள் மொழியில், கட்டுப்படியாகும் செலவில் மருத்துவம் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் திட்டமாக உருப்பெற்றது. 2022 ஏப்ரல் முதல் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் நடப்பில் இருக்கிறது. விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகளில் வேலை செய்பவர்களுக்கும் முதலாளி இதை வாங்கியே ஆக வேண்டும். அதற்கான கட்டணத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மருத்துவ நிலையத்துக்குப் போனால் தொழிலாளி கொடுப்பது 5 வெள்ளி, போனில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. உங்கள் ஆட்களுக்கு எந்த நிலையம், எத்தனை மணி வரை திறந்திருக்கும், விடுதியிலிருந்து எந்தப் பேருந்து என்பதையெல்லாம் இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொண்டு, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். காய்ச்சலோடு இருப்பவர் இரவு ஒன்பது மணிக்கு அதைத் தேடக்கூடாது.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் அது வேறு கணக்கு. 2023 ஜூலை முதல் ஒவ்வொரு வேலை அனுமதி ஊழியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். முதல் 15,000 வெள்ளிக்கு மேல் போகும் செலவில் கால் பங்கை முதலாளியும் முக்கால் பங்கைக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்க வேண்டும். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சை என்றால் மருத்துவமனை கம்பெனியிடம் செலவுக்கான உத்தரவாதக் கடிதம் கேட்கும். பல சிகிச்சைகள் தேங்கி நிற்பது இந்த இடத்தில்தான். மருத்துவமனை கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும், அலுவலகத்தில் யாரோ பார்க்காமல் விட்டிருப்பார்கள், ஆள் விடுதியில் வலியோடு படுத்திருப்பார். கடிதம் எழுதுவது உங்கள் வேலை இல்லை. ஆனால் எழுதியாகிவிட்டதா என்று எச்ஆரைத் தினமும் கேட்பது உங்கள் வேலைதான். அந்த ஆளால் கேட்க முடியாது.

டாக்டரின் அறையில்

கூடப் போகிற பழக்கம் நல்லது. அறைக்குள் போவது எப்போதும் நல்லதில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி அடிபட்டது என்று அவர் மறைக்காமல் சொல்ல மாட்டார். எத்தனை நாளாக வலி என்றும் சொல்ல மாட்டார். மூலமோ பால்வினை நோயோ இருந்தால் அந்தப் பேச்சே எழாது. "நான் வெளியே இருக்கேன், கூப்பிட்டா வர்றேன்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியரும் ஊழியரும் இருக்கிறார்கள், கேட்டால் பெரும்பாலும் யாராவது வருவார்கள்.

அவரே கூப்பிட்டு நீங்கள் மொழிபெயர்க்க நேர்ந்தால், அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். குறைத்துச் சொல்வதும் பாவம், கூட்டிச் சொல்வதும் பாவம். டாக்டர் சொன்னதையும் அப்படியேதான். "எத்தனை நாள் எம்சி வேணும்?" என்று டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்களிடம் டாக்டர் கேட்க வேண்டியது அவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு எடை தூக்குகிறார், எத்தனை மாடி ஏறுகிறார் என்பது. அவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு முன் உங்கள் ஆளிடம் உட்கார்ந்து நான்கைந்து விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எங்கே வலி, எதனால் கூடுகிறது எதனால் குறைகிறது, இதுவரை போட்ட மாத்திரை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மாத்திரைப் பட்டையை அப்படியே எடுத்துப் போகச் சொல்லுங்கள். "உடம்பு முழுக்க வலி" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பிடி கிடைக்காது. "நேத்து மத்தியானம் கம்பி தூக்கினப்ப இடுப்பில் சுருக்குன்னுச்சு, அப்புறம் கால் மரத்துப்போச்சு" என்றால் அவருக்கு எல்லாம் கிடைத்துவிடும்.

எம்சியும் லைட் டியூட்டியும்

ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். மூன்று மாதம் முடிந்தவுடனேயே ஐந்து நாளும், மருத்துவமனையில் சேர்ந்தால் 15 நாளும் கிடைக்கும். சிங்கப்பூரில் பதிவுபெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்சியாக இருந்தாலும் விடுப்புக்குச் செல்லும். கம்பெனி டாக்டர்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி உங்கள் ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சியைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் "கிடைத்தது" என்று பதில் போடுங்கள். அந்த ஒரு பதில் பின்னால் அவருக்குச் சாட்சியாகும்.

லைட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்தால் அதில் நீங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். தளத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லி எம்சி கேட்கச் சொல்லுங்கள். கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டு நாள் எம்சி மட்டும் கொடுத்து, அடுத்து லைட் டியூட்டி எழுதிய நிபுணர் ஒருவரை, 2016-இல் சிங்கப்பூரின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஆறு மாதம் மருத்துவத் தொழில் செய்யவிடாமல் தடுத்தது. ஓய்வுக்கும் லேசான வேலைக்கும் அங்கே வசதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் எழுதியதுதான் அந்தத் தீர்ப்பின் மையம். டாக்டருக்கே அந்தப் பொறுப்பு என்றால், தளத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது இன்னும் அதிகம். கட்டுப் போட்ட கையோடு வந்தவரைக் கேட் ஓரம் நாள் முழுக்க வெயிலில் கொடி பிடிக்க நிறுத்துவது லைட் டியூட்டி ஆகாது.

வேலையில் அடிபட்டால்

இதில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. வேலையிடக் காயத்தால் ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுக்கப்பட்டாலும், கம்பெனிக்குத் தெரியவந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. இழப்பீட்டுச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வி முதலில் வருவதில்லை. ஹார்னஸ் மாட்டாமல் விழுந்தாரா என்பது பாதுகாப்பு விசாரணைக்கு வேண்டும். அவருக்குச் சிகிச்சை கிடைப்பதற்கு அது நிபந்தனை இல்லை. கம்பெனி லாரியில் வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ விபத்தானாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நடந்து ஓராண்டு வரை, எது முதலில் எட்டுகிறதோ அதுவரை ஏற்கப்படும்.

பல தளங்களில் "இத்தனை லட்சம் மணி நேரம் விபத்தில்லை" என்று பலகை தொங்கும், அதற்குப் பரிசும் உண்டு. அந்தப் பலகையைக் காப்பாற்றுவதற்காக "விடுதியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு" என்று ஒருவரிடம் கேட்கும் நிலை வரும். கேட்கச் சொல்வது உங்களுக்கு மேலே இருப்பவராக இருக்கலாம். அந்த ஒரு பொய்யில் அவருடைய சிகிச்சைச் செலவு, விடுப்புச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு எல்லாம் அடிபட்டுப்போகும். அதைக் கேட்கிற வாயாக நீங்கள் இருக்காதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல போர்மேன்கள் எல்லோரும் இந்த இடத்தில் "சார், நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்" என்று நின்றவர்கள். விபத்து நடந்த இடத்தை அப்போதே போட்டோ எடுத்து, நேரம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் உங்கள் குறிப்பேட்டில் அன்றைக்கே எழுதிவிட்டால், மறுநாள் மாற்றச் சொல்லி யாரும் உங்களை நெருக்குவதும் குறையும்.

கம்பெனி கைவிட்டால் அவர் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692. ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 போன்ற அமைப்புகளும் சிகிச்சையிலும் இழப்பீட்டு வழக்குகளிலும் தொழிலாளர்களுக்குத் துணை நிற்கின்றன. இந்த எண்களைக் கொடுப்பது கம்பெனிக்குத் துரோகம் என்று நினைக்க வேண்டாம்.

வெளியே தெரியாதவை

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நம் ஆட்களில் பலருக்கு முதன்முதலாகத் தெரியவருவது இங்கே வேறு எதற்கோ டாக்டரிடம் போகும்போதுதான். மாத்திரை கொடுப்பார்கள், ஒரு மாதம் சாப்பிடுவார், தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுவார். அவருக்கு அடுத்த மருத்துவத் தேதி ஞாயிற்றுக்கிழமையிலோ வேலை முடிந்த பிறகோ கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த நாளில் அவருக்கு மாற்று ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரை பற்றி எல்லோர் முன்னாலும் விசாரிக்காதீர்கள்.

மனம் சோர்ந்தவரைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அப்பா இறந்தும் ஊருக்குப் போக முடியாமல் போனவர், பணப் பிரச்சினையில் வீட்டோடு பேச்சு நின்றவர், தூக்கமில்லாமல் விடிய விடிய போன் பார்ப்பவர், திடீரென்று தன் பொருள்களை அறைத் தோழர்களுக்குக் கொடுத்துவிடுபவர். கடைசியாகச் சொன்னதைக் கேள்விப்பட்டால் அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். அவர் வாய் திறந்து சாவைப் பற்றிப் பேசினால் அதட்டவும் வேண்டாம், தத்துவம் சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஊருக்குப் போகிறவர்

சிகிச்சை பாதியில் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்தோ, தானே விரும்பியோ ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் கையில் என்ன காகிதம் போகிறது என்று நீங்கள் ஒருமுறை பாருங்கள். மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கம், ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துகளின் கடைப் பெயரோடு அதன் மூலப் பெயரும் எழுதிய சீட்டு. இங்கே விற்கும் பெயரில் அந்த மாத்திரை பட்டுக்கோட்டையில் கிடைக்காமல் போகலாம். மூலப் பெயர் இருந்தால் எந்தக் கடையிலும் அதே மருந்தைக் கேட்டு வாங்கலாம். அவர் கிளம்பும்வரைக்கும், ஊரில் புது டாக்டரைப் பார்ப்பதற்கு ஆகும் சில நாளுக்கும் சேர்த்து மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலையிடக் காயம் என்றால், விபத்து நடந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும் என்பதை அவருக்கு மட்டுமல்லாமல் அவர் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கும் போனில் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில், அவசரத்தில், விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நீங்களே வேறு தளத்துக்கு மாறினால், அடுத்து வரும் சூப்பர்வைசரிடம் கருவிகளின் கணக்கை ஒப்படைக்கும்போது இதையும் ஒப்படையுங்கள்: யாருக்கு எந்தத் தேதியில் மருத்துவச் சந்திப்பு, யார் உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், யாருடைய உத்தரவாதக் கடிதம் இன்னும் வரவில்லை. நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், தேதியும் கட்டுப்பாடும் போதும். அதற்கும் முன்னால், சொல்லலாமா என்று அந்த ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.